நீல் பியர்டின் ரியோ பதிவு: அந்தக் கையில் துயரம் கேட்கிறதா?

கடலோரத் தாளம், குளச்சல்:

அனைவருக்கும் வணக்கம். கனடா நாட்டு ரஷ் இசைக்குழுவின் டிரம்ஸ் கலைஞர் நீல் பியர்ட் 2020 ஜனவரி 7 அன்று மறைந்தார். மூளையில் வந்த புற்றுநோயை மூன்றரை ஆண்டுகள் வெளியுலகம் அறியாமல் தாங்கிக்கொண்டு, 67ஆம் வயதில் இறந்தார். நான் எங்கள் பங்கு ஆலயப் பாடற்குழுவில் பதினாறு ஆண்டுகளாக டிரம்ஸ் வாசிக்கிறேன். என்னிடம் இப்போது ஏழு சிறுவர்கள் படிக்கிறார்கள். வருகிற ஜனவரி 7 அன்று மாலை அவர்களை எங்கள் வீட்டு மாடியில் அமர்த்தி, பியர்டின் நேரடி நிகழ்ச்சிப் பதிவு ஒன்றை முழுமையாகக் கேட்கச் செய்ய எண்ணியிருக்கிறேன். அவர்களில் ஒருவரும் இதுவரை ரஷ் குழுவின் இசையைக் கேட்டதில்லை.

என் மனத்தில் இருப்பது ரியோ பதிவு. 2002 நவம்பர் 23 அன்று பிரேசிலின் ரியோ டி ஜெனிரோ நகரில், மரக்கானா விளையாட்டரங்கில், ஏறக்குறைய 40,000 பேர் முன்னிலையில் வாசித்தது. மறு ஆண்டு அக்டோபரில் மூன்று குறுந்தகடுகளாக வெளிவந்தது. அதை எனக்குக் கொடுத்தவர் என் பெரியம்மா மகன். வளைகுடாவில் ஒப்பந்த மீன்பிடி வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியபோது, அங்கே உடன் தங்கியிருந்த ஒருவரிடமிருந்து அதைப் பெற்றுக்கொண்டு வந்தார். குச்சியை எப்படிப் பிடிப்பது என்று எனக்கு முதலில் காட்டியவரும் அந்த அண்ணன்தான். 2017 நவம்பர் 30 அன்று ஒக்கிப் புயல் வீசியபோது அவர் ஆழ்கடலில் விசைப்படகில் இருந்தார். படகும் வரவில்லை, அவரும் வரவில்லை. அதன் பிறகு பதினொரு மாதங்கள் நான் டிரம்ஸ் முன்னால் உட்காரவில்லை.

மீண்டும் உட்கார வைத்தது இந்தப் பதிவு. அப்போது பியர்டுக்கு இருந்த ஒரே மகள் செலீனா 1997 ஆகஸ்ட் 10 அன்று 19 வயதில் சாலை விபத்தில் இறந்தார். பத்து மாதங்கள் கழித்து, 1998 ஜூன் 20 அன்று, மனைவி ஜாக்குலின் புற்றுநோயால் இறந்தார். இனிமேல் தன்னை ஓய்வு பெற்றவனாகக் கருதிக்கொள்ளுமாறு குழுவினரிடம் சொல்லிவிட்டு, பியர்ட் மோட்டார் சைக்கிளில் ஏறி வட அமெரிக்கா முழுவதும் ஏறத்தாழ 88,000 கிலோமீட்டர் அலைந்தார். ஐந்து ஆண்டுகளாக மேடையே இல்லை. பிறகு திரும்பி வந்து 2002இல் மேற்கொண்ட சுற்றுப்பயணத்தின் கடைசி இரவுதான் இந்த ரியோ இரவு.

நான் கேட்க விரும்புபவை இரண்டு. முதலாவது, இந்தப் பதிவில் மக்களின் இரைச்சல் மிகுதி, வாத்தியங்கள் அதில் அமிழ்ந்துபோகின்றன என்று பலர் குறை சொல்கிறார்கள். முதன்முறையாகக் கேட்கும் பிள்ளைகளுக்கு வேறு பதிவு பொருத்தமாக இருக்குமா? இரண்டாவதுதான் என்னை நெடுநாளாக அலைக்கழிப்பது. இந்த வாசிப்பில் அவருடைய துயரம் எனக்குக் கேட்கிறது. அது உண்மையிலேயே அந்தக் கையில் இருக்கிறதா, அல்லது கதை தெரிந்ததால் நான் அதை அதன்மேல் ஏற்றிக் கேட்கிறேனா? பிள்ளைகளுக்குக் கதையை முன்னரே சொல்வதா, பின்னர் சொல்வதா என்பது இதற்கான விடையைப் பொறுத்தது.


மைக்செட் மார்த்தாண்டம்:

தம்பி, முதல் கேள்விக்கு நான் விடை சொல்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கோயில் கொடை விழாக்களுக்கும் ஆலயத் திருவிழாக்களுக்கும் ஒலி அமைத்து வருபவன் என்ற முறையில் இந்தப் பதிவைப் பல முறை உற்றுக் கேட்டிருக்கிறேன்.

இரைச்சல் மிகுதி என்பது உண்மை. அதற்குக் காரணமும் உண்டு. முந்தைய இரவு சாவோ பாவ்லோ நகரில் மழையில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு, கருவிகளை ஏற்றிய லாரிகள் ரியோவுக்குத் தாமதமாகத்தான் வந்து சேர்ந்தன. நிகழ்ச்சிக்கு முன் ஒலியைச் சரிபார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. ஒலிவாங்கி ஒவ்வொன்றையும் தட்டிப் பார்க்காமல் ஒரு மேடையைத் தொடங்குவது எத்தகைய நடுக்கம் என்பது எங்களைப் போன்றவர்களுக்குத்தான் தெரியும். அந்த நிலையில் இருபத்தைந்துக்கும் மேற்பட்ட பாடல்களைப் பதிவு செய்து, ஒரு தொகுப்பாக வெளியிடும் அளவுக்குக் கொண்டுவந்தார்கள் என்பதே எனக்கு வியப்பாக இருக்கிறது.

தெளிவு மட்டுமே வேண்டுமென்றால் 1981இல் வெளிவந்த அவர்களுடைய இரண்டாவது நேரடித் தொகுப்பைப் போடுங்கள். மக்கள் ஒலியை அதில் மிகவும் தாழ்த்தி வைத்திருப்பார்கள். சிம்பல் என்ற உலோகத் தாளங்கள் ஒவ்வொன்றும் தனித்தனியாகக் கேட்கும். அப்போது பியர்டுக்கு முப்பது வயதுகூட ஆகவில்லை. அந்த வாசிப்பில் ஒரு பிழையைக் கண்டுபிடிப்பவருக்கு நான் தலைவணங்குவேன்.

ஆயினும் பிள்ளைகளுக்கு நான் ரியோவைத்தான் சொல்வேன். நம் ஊர் அம்மன் கோயில் கொடையில் வில்லுப்பாட்டைப் பதிவு செய்யும்போது, உடுக்கும் குடமும் சுத்தமாகக் கேட்க வேண்டும் என்று பெண்களின் குரவையை நீக்கிவிட்டால், மிஞ்சுவது நம் கொடை ஆகாது. முதல் தட்டில் ஆறாவதாக வரும் 'ஒய்.ஒய்.இசட்' என்ற இசையைக் கேளுங்கள். அதற்குச் சொற்களே கிடையாது, வாத்தியங்கள் மட்டும்தான். அதையும் ரியோ மக்கள் கிதாரின் மெட்டோடு சேர்ந்து வாய்விட்டுப் பாடுகிறார்கள். ரஷ் குழு பிரேசிலுக்குப் போனதே அந்த மாதம்தான் முதல்முறை. அத்தனை ஆண்டுகள் காத்திருந்தவர்களின் குரலைக் குறைத்து வைப்பது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

மாடியில் போடும்போது பெரிய பெட்டிகளை வைக்க வேண்டாம். திறந்த வெளியில், காலால் மிதித்து அடிக்கும் பேஸ் டிரம்மின் ஒலி சிதறிவிடும். இரண்டு சிறிய பெட்டிகளைச் சுவரை ஒட்டி வைத்து, பிள்ளைகளை ஐந்தாறு அடி தூரத்தில் உட்கார வையுங்கள். முடிந்தால் டிரம்ஸ் தனி வாசிப்பை மட்டும் காணொளியாகக் காட்டுங்கள். முன்புறம் தோல் டிரம்கள், பின்புறம் மின்னணு டிரம்கள் என்று அமைந்த அவருடைய மேடை அப்படியே சுழன்று திரும்பும். கண்ணால் பார்க்காமல் அதைப் புரிந்துகொள்வது சிறுவர்களுக்குக் கடினம்.


மிருதங்க ஆசிரியர், வடசேரி:

எனக்கு ராக் இசையில் பழக்கம் குறைவு. என் மாணவன் ஒருவன் 'ஒய்.ஒய்.இசட்' இசையைக் கொண்டுவந்து, இது எந்தத் தாளத்தில் அடங்கும் என்று கேட்டதால்தான் பியர்ட் எனக்கு அறிமுகமானார். அதைப் பற்றிச் சொல்லிவிட்டு இரண்டாவது கேள்விக்கு வருகிறேன்.

ஒய்.ஒய்.இசட் என்பது டொரன்டோ விமான நிலையத்தின் குறியீடு. அந்த நிலையத்தின் வானொலி வழிகாட்டி, விமானங்களுக்கு அந்த மூன்று எழுத்துகளையும் தந்திச் சங்கேதத்தில் ஓயாமல் ஒலித்துக்கொண்டிருந்தது. அந்தச் சங்கேதத்தையே இவர்கள் தாளமாக எடுத்துக்கொண்டார்கள். தாளத்தின் சிறு அளவான மாத்திரையைக் கொண்டு, நீண்ட ஒலிக்கு இரண்டு மாத்திரை, குறுகிய ஒலிக்கு ஒரு மாத்திரை என்று வைத்துக்கொண்டால், ஒய் என்பது நீளம், குறுக்கம், நீளம், நீளம். இரண்டும் ஒன்றும் இரண்டும் இரண்டும் சேர்ந்து ஏழு. தாளத்தை வாயால் சொல்லும் நம் சொற்கட்டில் சொன்னால் 'தகிட தகதிமி', அதாவது ஏழைக் குறிக்கும் மிச்ரம். இசட் என்பது நீளம், நீளம், குறுக்கம், குறுக்கம், ஆக ஆறு. ஏழு, ஏழு, ஆறு என்று மொத்தம் இருபது மாத்திரை வருவதால், கண்ட ஜாதி ஏக தாளத்தின் ஐந்து அட்சரங்களில், அதாவது ஐந்து எண்ணிக்கைகளில், அட்சரத்துக்கு நான்கு மாத்திரையாக, ஒரு சுற்று துல்லியமாக முடிகிறது. உங்கள் பிள்ளைகளைக் கையால் ஐந்து எண்ண வைத்து, வாயால் 'தகிட தகதிமி, தகிட தகதிமி, தகதிமி தக' என்று சொல்ல வையுங்கள். பதிவைப் போடுவதற்கு முன்பே அந்த இசை அவர்களுக்குச் சொந்தமாகிவிடும்.

இனி துயரம். தம்பியின் மனம் புண்படக்கூடாது என்பதால் இதை மிகுந்த கவனத்தோடு எழுதுகிறேன். பழைய பதிவுகளையும் ரியோ பதிவையும் அடுத்தடுத்துக் கேட்டால் வேறுபாடு தெரிகிறது என்பது உண்மைதான். பழைய வாசிப்பு இறுக்கமானது, ஒவ்வோர் அடியும் செதுக்கி வைத்தது போன்றது. ரியோவில் கை தளர்ந்து, அடிகளுக்கு இடையே மூச்சு விட இடம் இருக்கிறது. ஆனால் அந்த மாற்றம் இழப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1990களின் நடுவில், உலகமே போற்றும் நிலையில் இருந்தபோதே, பியர்ட் ஃப்ரெடி குரூபர் என்ற மூத்த ஆசிரியரிடம் மாணவனாகப் போய் அமர்ந்தார். ஜாஸ் டிரம்ஸ் மேதை 'படி ரிச்' என்பவரின் நினைவாக ஒரு தொகுப்பைத் தயாரித்தபோது, தன் வாசிப்பில் ஏதோ குறைகிறது என்று அவருக்குத் தோன்றியிருக்கிறது. இடக்கைக் குச்சியைப் பிடிக்கும் முறையை மாற்றினார். உட்காரும் உயரத்தையும் கருவிகளை வைக்கும் முறையையும்கூட மாற்றினார். நாற்பது வயதுக்கு மேல் அரிச்சுவடியிலிருந்து தொடங்குவதற்கு எவ்வளவு பணிவு வேண்டும் என்பதை ஆசிரியனாகிய நான் அறிவேன். நீங்கள் துயரம் என்று கேட்பதில் பெரும்பகுதி அந்த இரண்டாம் கல்வியின் பயன் என்றே நான் கருதுகிறேன். பிள்ளைகளிடம் கதையைப் பின்னர் சொல்லுங்கள். முதலில் சொன்னால் அவர்கள் கதையைத்தான் கேட்பார்கள்.


கடலோரத் தாளம், குளச்சல்:

இருவருக்கும் நன்றி. ஆசிரியர் ஐயா சொன்ன கால வரிசையை நான் இதுவரை இணைத்துப் பார்க்கவில்லை. பழைய பதிவையும் இதையும் நேற்றிரவு மாற்றி மாற்றிக் கேட்டேன். தாங்கள் சொன்ன அந்தத் தளர்வு 1996இல் வந்த தொகுப்பிலேயே இருப்பது இப்போது தெரிகிறது.

எனினும் ஒன்று தீரவில்லை. இரண்டாவது தட்டின் தொடக்கத்தில், 2002இல் வெளிவந்த புதிய தொகுப்பின் முதல் பாடல் வருகிறது. அது தொடங்குவதே டிரம்ஸ் மட்டும் தனியாக, இரு கால்களும் பெடலில் ஓடும் வேகத்தோடு. ஐந்து ஆண்டு மௌனத்தை உடைக்கும் தொகுப்புக்கு அவர்கள் தேர்ந்தெடுத்த முதல் ஒலி அது. அதற்கு அடுத்ததற்கு அடுத்து, அவருடைய மோட்டார் சைக்கிள் பயணத்தைப் பற்றி அவரே வரிகள் எழுதிய பாடல் வருகிறது. பாடுபவர் கெடி லீ; பியர்ட் பின்னால் உட்கார்ந்து தன் கதைக்குத் தானே தாளம் போடுகிறார். அந்த இடத்தில் தாளம் ஓர் இழைகூடப் பிசகவில்லை என்பதுதான் என்னை உலுக்குகிறது. அழ வேண்டிய ஒருவர் அழாமல் இருப்பதைப் பார்ப்பது போல இருக்கிறது. இதை எப்படி விளக்குவது என்று எனக்குத் தெரியவில்லை.


பழைய தந்திக்காரர், சுசீந்திரம்:

தம்பிக்கு வணக்கம். எனக்கு 78 வயது. டிரம்ஸ் பற்றி ஒன்றும் அறியேன். தந்தி என்ற சொல்லைக் கண்டதும் என் பேரன் இந்தப் பக்கத்தை எனக்குப் படித்துக் காட்டினான். நான் சொல்லச் சொல்ல அவனே எழுதுகிறான்.

அவன் அந்த இசையைப் போட்டான். முதல் நொடியிலேயே ஒய், மறுபடியும் ஒய், பிறகு இசட் என்று சொல்லிவிட்டேன். தந்திச் சேவை 2013 ஜூலையில் முடிந்துபோனது. அதற்கு வெகு காலம் முன்பே எங்கள் அலுவலகத்தில் சங்கேதம் தட்டும் சாவிக் கட்டையை எடுத்துவிட்டு, தட்டச்சு செய்து அனுப்பும் டெலிபிரின்டரை வைத்துவிட்டார்கள். இருந்தும் காது மறக்கவில்லை.

உங்களுக்கு ஒன்றைச் சொல்கிறேன். சங்கேதம் எல்லாருக்கும் ஒன்றுதான், நீளமும் குறுக்கமும் விதிப்படிதான். ஆனாலும் மறுமுனையில் இருந்து அனுப்புபவர் யார் என்பது இரண்டு சொல் வருவதற்குள் எங்களுக்குத் தெரிந்துவிடும். முகம் பார்த்திராத ஆள்களைக்கூட அந்தத் தட்டலை வைத்து அடையாளம் காண்போம். ஒருவர் குறுக்கத்தைச் சற்று ஒட்டித் தட்டுவார். இன்னொருவர் எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே கொஞ்சம் நின்று போவார். அதை நாங்கள் 'கை' என்போம். இது இன்னாருடைய கை என்று சொல்லிவிட்டுத்தான் செய்தியையே எழுதத் தொடங்குவோம்.

அந்தக் காலத்தில் நம் ஊரில் தந்தி வந்தாலே வீட்டில் அழுகை தொடங்கிவிடும் என்பது நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சாவுச் செய்திக்கு மற்றவற்றைவிட முன்னுரிமை உண்டு. பம்பாயிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் எத்தனையோ சாவுகள் என் கை வழியாக இந்த மாவட்டத்துக்குள் வந்திருக்கின்றன. என் தாயார் இறந்த செய்தியை வெளியூரில் இருந்த என் தம்பிக்கு அனுப்பியதும் நான்தான். அன்று அந்த நேரத்தில் அங்கே வேறு ஆள் இல்லை. அப்போது கை நடுங்கக் கூடாது. நடுங்கினால் குறுக்கம் நீளமாகிவிடும், எழுத்து மாறிவிடும், இறந்தவரின் பெயரே வேறாகிவிடும். செய்தி போய்ச் சேர வேண்டுமானால் அடிப்பவன் சீராக அடித்தாக வேண்டும். மறுமுனையில் வாங்கிய நண்பர் செய்தி முடிந்ததும் ஒன்றும் அனுப்பவில்லை, சிறிது நேரம் பேசாமல் இருந்தார். என் கையில் எந்த மாற்றமும் இல்லை என்று பின்னொரு நாள் அவர் என்னிடம் சொன்னார். மாற்றம் இல்லாததைக் கேட்டுத்தான் அவர் அழுதாராம்.

அந்தக் கனடாக்காரர் அடித்தது எனக்கு அப்படித்தான் கேட்டது. வடசேரி ஆசிரியர் சொல்வதும் சரி, நீங்கள் சொல்வதும் சரி. துயரம் அவருடைய அடியில் இருக்காது. அது இருக்கக் கூடாத இடம் அது.


மிருதங்க ஆசிரியர், வடசேரி:

பெரியவர் சொன்னதைப் படித்த பிறகு, கதையைப் பின்னர் சொல்லுங்கள் என்ற என் கருத்தைத் திரும்பப் பெறுகிறேன். பாதியில் சொல்லுங்கள். முதல் தட்டைக் கதை தெரியாமல் கேட்கட்டும். இரண்டாவது தட்டைப் போடுவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.


கடலோரத் தாளம், குளச்சல்:

நேற்று மாலை நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன்.

சுசீந்திரத்துப் பெரியவர் பேரனின் வண்டியில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மைக்செட் அண்ணன் சொன்னபடி பெட்டிகளைச் சுவரோடு வைத்தேன். பதிவைப் போடுவதற்கு முன் பிள்ளைகள் கையால் ஐந்து எண்ணி, வாயால் சொற்கட்டைச் சொல்லிப் பழகிக்கொண்டார்கள். ஆறாவது பாடல் தொடங்கியதும் ஏழு பேரும் ஒன்றாக 'தகிட தகதிமி' என்று சேர்ந்துகொள்ள, பெட்டியிலிருந்து ரியோ மக்கள் பாட, என் அம்மா கீழே இருந்து ஏறி வந்து பார்த்தார். தனி வாசிப்பைக் காணொளியாகக் காட்டினேன். கடைசியில் அவர் மின்னணு டிரம்களைத் தட்டித் தட்டியே பழைய ஜாஸ் குழுவின் ஊதுகுழல் ஒலிகளை எழுப்பும் இடத்தில், மிகச் சிறியவன் எழுந்து நின்றுவிட்டான்.

கதையை நடுவில் சொன்னேன். பியர்டின் கதையோடு அண்ணனின் கதையையும் சொல்ல நேர்ந்தது. நான் திட்டமிட்டது அல்ல. பிறகு இரண்டாவது தட்டை ஒருவரும் அசையாமல் கேட்டார்கள்.

முடிந்ததும் மூத்த மாணவன் பெரியவரிடம், அண்ணனின் பெயரைத் தந்தியில் அடித்துக் காட்ட முடியுமா என்று கேட்டான். அண்ணனை நாங்கள் அழைத்தது ஆங்கிலத்தில் மூன்றே எழுத்துகள் கொண்ட ஒரு பெயரால். பெரியவர் ஒரு கரண்டியால் எவர்சில்வர் டம்ளரின் அடியில் அதை அடித்தார். குறுக்கம், நீளம், குறுக்கம்; பிறகு ஒரு குறுக்கம்; பிறகு நீளம், குறுக்கம், குறுக்கம், நீளம். பிள்ளைகள் அதைப் பயிற்சிப் பலகையில் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டே இருந்தார்கள். நான் எண்ணிப் பார்த்ததில் நான்கு, ஒன்று, ஆறு என்று பதினொரு மாத்திரை வருகிறது. ஞாயிறு வகுப்பில் இதை ஒரு பாடமாக வைக்க விரும்புகிறேன். ஆசிரியர் ஐயா, இதற்குச் சொற்கட்டு எப்படிப் பிரிப்பது?


மிருதங்க ஆசிரியர், வடசேரி:

நான்கையும் ஒன்றையும் சேர்த்து ஐந்தாக்கிக்கொள்ளுங்கள்; ஐந்துக்கு நம் தாளத்தில் கண்டம் என்று பெயர். மீதி ஆறு. 'தகதகிட, தகிட தகிட' என்று சொல்லலாம். வேகம் கூட்ட வேண்டாம். முதல் வாரம் கையில் குச்சியே கொடுக்காமல், வாயால் மட்டும் சொல்லச் செய்யுங்கள்.